மண் பாதைன்னு நான் எழுதின வாய்க்கால்

ரயில் பாதை போடுற வேலையிலே தண்டவாளம் இறக்குறவனை யாரும் திட்டமாட்டாங்க. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே ஃபைலும் கையுமா வந்து "உங்க தோட்டத்திலே எத்தனை மரம் இருக்குது"ன்னு கேக்குறவளைத்தான் திட்டுவாங்க. அந்த அவள் நான்தான். ஒரு கம்பெனியிலே ஒப்பந்த வேலை. காஞ்சிபுரம் பக்கம் வரப்போற புது ரயில் பாதைக்காக மரம், கிணறு, குளம், சத்தம், தூசி எல்லாத்தையும் படிவத்திலே ஏத்தணும். ஊர் ஜனங்க சொல்றதைக் கேட்டு மேலே அனுப்பணும். அடையாள அட்டையிலே என் பதவிப் பேரு ரெண்டு வரி. ஜனங்க வெச்ச பேரு ரயில்காரம்மா, அவ்வளவுதான்.

கணக்கெடுக்கப் போன டீச்சருங்க, மீட்டர் பார்க்கப் போறவங்க, கொசு மருந்து அடிக்கப் போறவங்க, நாய் இருக்கிற வீட்டு கேட்டுக்கு வெளியே நின்னு "அம்மா, அம்மா"ன்னு தொண்டை வத்தக் கத்தின அத்தனை பேருக்காகவும்தான் இதை எழுதறேன். என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நாப்பத்தேழாம் நம்பர் வேம்பு

பாதை வர்ற வழியிலே இருக்கிற மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டாலே ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ளே நம்பர் எழுதுவோம். ஓரிக்கை பக்கம் ஒரு வேப்பமரத்துக்கு நாப்பத்தேழு வந்துச்சு. நாலு நாள் கழிச்சு சுத்தளவு எடுக்கப் போறேன், மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருக்குது. வட்டத்துக்கு நடுவே தட்டு அகலத்துக்குக் குங்குமம். அடியிலே எலுமிச்சம்பழம், அணைஞ்ச கற்பூரம். நம்பர் இருந்த இடமே தெரியலை. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. சர்வே மரத்துலே யாரு இப்படிப் பண்ணதுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினேன்.

எதிர் வீட்டம்மா கோலமாவு டப்பாவோட வெளியே வந்தாங்க. அவங்க முகத்திலே கோபமே இல்லை, என் கோபத்தைப் பார்த்து ஆச்சரியம்தான். "இன்னாமா, நீங்கதானே முதல்ல பொட்டு வெச்சீங்க? வெச்சிட்டு அப்படியே வுட்டுட்டுப் போவலாமா?"

சத்தம் போடாத தெரு

ரயில் வந்தப்புறம் சத்தம் எவ்வளவு கூடிச்சுன்னு சொல்லணும்னா, வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியணும். அதை அளக்க ஒரு மெஷின் இருக்குது. ஊர் ஓரத்திலே ஆறுமுகம்னு ஒரு தறிக்காரர். அவர் வீட்டு மாடியிலே அதை வெச்சு, "ஒரு நாள் முழுக்க ஓடணும், யாரும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தத் தெருவிலே வீட்டுக்கு வீடு தறி. பக்கத்திலே நின்னு பேசினாக்கூட ரெண்டு தடவை சொல்லணும். மறுநாள் எடுத்துப் பார்த்தா, சுடுகாட்டுலே வெச்சிருந்தா என்ன வருமோ அதுதான் பதிவாகியிருக்குது. மெஷின் ரிப்பேர்னு ஆபீஸ்லே சண்டை போட்டு வேற ஒண்ணு வாங்கி வந்து வெச்சேன். அதுவும் அதையேதான் சொல்லுது.

மறுபடியும் வெச்சிட்டு, இந்தத் தடவை நானே தெருவிலே உக்காந்தேன். ஒரு தறி ஓடலை. அழற குழந்தையைத் தூக்கிக்கினு பின்கட்டுக்கு ஓடறாங்க. ஆறுமுகம் தறியிலே ஓடுற நாடாவை மடியிலே வெச்சுக்கினு சும்மா உக்காந்திருக்கார். தெரு மொத்தமும் மூணு நாளா வேலையை விட்டிருக்குது, அதுவும் எனக்காக! என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்கன்னு கேட்டேன். அவர் மாடியை ஒரு பார்வை பார்த்துட்டு, என் காதுகிட்ட வந்து குசுகுசுன்னு சொன்னார்: "கவர்மெண்ட் மெஷின் வேலை செய்யுது. அந்த நேரத்துல நாம சத்தம் போட்டா மரியாதையாம்மா?"

ஸ்கூட்டர் போன வழி

அடுத்தவங்க கதை போதும், என் சொந்தக் குத்தத்துக்கு வர்றேன். தாமல் தாண்டி ஒரு ஊர், பேர் வேண்டாம். சித்திரை வெயில்லே சர்வேக்குப் போயிருந்தேன். வயலுக்கு நடுவே வண்டி அகலத்துக்கு மணலா ஒரு வழி போச்சு. ஆட்டுக் கால் தடம், சைக்கிள் தடம் எல்லாம் இருந்துச்சு. நானும் ஜாலியா ஸ்கூட்டரை விட்டேன். படிவத்திலே "மண் பாதை"ன்னு எழுதினேன். கிராம வரைபடத்திலே அந்த இடத்திலே ஒண்ணுமே இல்லை, அதனாலே சந்தேகமும் வரலை. ரயிலுக்குப் போடுற மண் மேடு அந்த வழிக்கு நேர் குறுக்கே வருது. பாதைதானே, ஜனங்க கொஞ்சம் சுத்திக்கினு போவாங்க, மேட்டைப் போட்டு மூடிடலாம்னு வடிவமைப்புக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க.

ஐப்பசியிலே மறுபடி அதே வழியிலே போனேன். பாதி தூரத்திலே ஸ்கூட்டர் சேத்துலே இறங்கிடுச்சு. தண்ணி வந்து என் செருப்பு ஒண்ணை அடிச்சுக்கினு போவுது. அப்போ மம்மட்டியைத் தோள்லே சாத்திக்கினு ஒரு அம்மா வந்தாங்க. பேரு அஞ்சலை. அந்த ஊரு நீர்கட்டி. அதாவது, ஏரித் தண்ணியை வயல் வயலா முறை வெச்சுப் பிரிச்சு விடுறவங்க. அதுக்குக் கூலி அறுப்பு நேரத்திலே நெல்லா வாங்கிப்பாங்க. தண்ணி கடைசியா போய்ச் சேர்ற கடைமடையிலே நாலு நயினார் குடும்பத்து நிலம் இருக்குது. இந்தப் பக்கத்துச் சமண விவசாயக் குடும்பங்களை நயினார்னுதான் சொல்லுவாங்க. அவங்க நிலத்துக்கு அடுத்தாப்பல அஞ்சலையோட அரை ஏக்கர். எல்லாத்துக்கும் இந்த ஒரு வாய்க்கால்தான். பட்டா நிலத்துக்குள்ளே அவங்களே பேசி வெட்டிக்கினது, அதான் வரைபடத்திலே இல்லை. என் ரெண்டே வார்த்தையாலே அஞ்சு குடும்பத்து வயல் காயப்போவுதுன்னு எனக்கு உறைச்சது, அஞ்சலை இதெல்லாம் சொன்னப்புறம்தான். முதல்லே அந்தச் சேத்துலே நின்னுக்கினு, "இந்தப் பாதையிலே எப்படிம்மா இவ்வளவு தண்ணி?"ன்னு மட்டும் அசடு வழியக் கேட்டேன்.

ஸ்கூட்டரைப் பின்னாலேர்ந்து தள்ளிக்கினே அஞ்சலை சொன்னாங்க: "பாதையா? அய்யே! நீ வண்டி ஓட்டிக்கினு வந்தது வாய்க்காமா. ஆடு நடந்துட்டா பாதையாயிடுமா?"

மேனேஜர் காட்டின கதவு

மறுநாளே மேனேஜர் முன்னாடி போய் நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். எங்க மேனேஜர் கத்தற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார், அதுவே நமக்குத் திட்டு வாங்கின மாதிரி. சர்வே முடிஞ்சு, அறிக்கை சென்னைக்குப் போய், அதை வெச்சு வரைபடமும் போட்டுக்கினு இருக்காங்க. ஒரு ஒப்பந்த வேலைக்காரி கடிதம் எழுதினா அது நிக்காதுன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அப்போ அந்தம்மா வயலு?"ன்னு கேட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கிட்டார். மார்கழியிலே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வருது, அதுலே யார் என்ன கேட்டாலும் பதிவாகும், பதிவானதுக்கு வடிவமைப்புக்காரங்க பதில் சொல்லியே ஆகணும்னார். அதைத் தாண்டி வேற வழி கிடையாது. "நீ பத்து கடிதம் எழுதினாலும் அது உன் தப்பு. அந்தம்மா ஒரே ஒரு தடவை மைக்ல சொன்னா அது மக்கள் கருத்து."

டோக்கன் பதினொண்ணு

காஞ்சிபுரத்திலே ஒரு கல்யாண மண்டபம் பிடிச்சு, கூட்டத்தை மூணு மணிக்குன்னு போட்டேன். செவிலிமேட்டுலேர்ந்து வெளியூர் வேலைக்குப் போற ஜனங்க, "எங்க கருத்து வேணாமா மேடம்?"ன்னு போன் மேலே போன். நியாயம்தானேன்னு அஞ்சு மணிக்கு மாத்தினேன். அங்கேதான் சறுக்கினேன். நான் போய்ச் சொல்லியிருந்தபடி, கடைமடைக்காரங்க பன்னெண்டு பேர் தரணேந்திர நயினாரோட டெம்போவிலே நேரத்துக்கு வந்து உக்காந்துட்டாங்க. நாலு குடும்பத்துக்கும் அவர்தான் பெரியவர். பேசுறதுக்கு அவருக்கு டோக்கன் பதினொண்ணு, அஞ்சலைக்குப் பன்னெண்டு. அஞ்சலை நல்ல புடவை கட்டிக்கினு, பேச வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கினு இருந்தாங்க.

அஞ்சாவது டோக்கன் செவிலிமேட்டு ரிடையர்ட் பேங்க்காரர். ஸ்டேஷன்லே பைக் நிறுத்தக் கூரை வேணும்னு ஆரம்பிச்சார். கூரையோட சாய்வு, கூரையோட கலர், அப்புறம் கழிப்பறை, கழிப்பறைக்கு வாளி. கையிலே ஏழு பாயிண்ட் எழுதின காகிதம், இன்னும் ரெண்டாவதுலேயே நிக்கிறார். நயினார் கடிகாரத்தைப் பார்க்கலை, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கினு இருந்தார். எனக்கு அப்போதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. நயினாருங்க சமணமாச்சே, பொழுது சாய்ஞ்சா சாப்பிடமாட்டாங்க. அப்புறம் மறுநாள் காலைதான். இந்த ஊர்லே பொறந்து வளர்ந்தவ நான், எனக்கு இது தெரியாதா? தெரிஞ்சும் மார்கழி மாசத்திலே அஞ்சு மணிக்குக் கூட்டம் போட்டிருக்கேன், மடச்சி! மேடைக்கு ஓடி, பேங்க்காரர்கிட்ட கெஞ்சினேன். மூணாவது பாயிண்ட் முக்கியமானதுன்னு மைக்கை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கினார்.

அதுக்குள்ளே நயினார் எழுந்துட்டார். மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கூட வந்தவங்களும் வரிசையா எழுந்து கும்பிட்டுட்டுக் கிளம்பினாங்க. அஞ்சலையும் டோக்கனைக் கையிலே கசக்கிக்கினு பின்னாலேயே போறாங்க. வண்டி அவங்களுது, அதை விட்டா ஊருக்குப் போக வழி இல்லை. வாசல்லே மறிச்சுக்கினு, "ஐயா, கொஞ்ச நேரம்"னு கையைக் கூப்பினேன். அவர் என் மேலே கோபப்பட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். "நான் ஒருத்தன்னா பட்டினி கிடந்துடுவேன்மா. என்னை நம்பிக் கூட வந்தவங்களை எப்படிப் பட்டினி போடுறது?"

கார்த்திக் எழுதின மினிட்ஸ்

கூட்டத்திலே நடந்ததை எழுதினது கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், எங்க ஆபீஸ்லே சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அன்னிக்கு எனக்குத் தலைவலி, அதைவிட மனசு வலி. நீட்டின இடத்திலே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். மூணாம் நாள் சென்னையிலேர்ந்து போன் வருது, பெரிய அதிகாரி நேர்லே வர்றாராம். எதுக்குன்னு மினிட்ஸை எடுத்துப் படிக்கிறேன்: "கடைமடை விவசாயிகள் பன்னிரண்டு பேர் தங்கள் எதிர்ப்பைத் தெரிவிக்கும் வகையில் கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்தனர்." கீழே அழகா என் கையெழுத்து.

ஒரு போன் போட்டு, "சார், அவங்க சாப்பிடப் போனாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அவர் வரமாட்டார். வந்தா அந்த வாய்க்காலைக் கண்ணாலே பார்ப்பார். நான் போனை எடுக்கலை. அது சரின்னு இப்பவும் சொல்லமாட்டேன், ரெண்டு நாள் தூக்கம் வரலை. அந்தக் கடுப்பையெல்லாம் கார்த்திக் மேலே காட்டினேன். கண்ணு தெரியலையா, காது கேக்கலையான்னு பிடிச்சு வாங்கினேன். அவர் பாவம், நிஜமாவே புரியாம முழிச்சார். "பன்னெண்டு பேரு ஒண்ணா எந்திரிச்சு, மேடையப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனாங்கக்கா. எங்கூர்ல சோத்துக்குப் போறவன் எவன் கும்புட்டுட்டுப் போவான்?"

கடைமடை முறை

நயினார் வீட்டுக் களத்திலே நாற்காலி போட்டிருந்தாங்க. நானும் கார்த்திக்கும் முன்னாடியே போய் நின்னோம். அதிகாரியோட டிரைவர், நாங்க அனுப்பின வரைபடத்தைப் பார்த்துக்கினு நேரா அந்த "மண் பாதை"யிலேயே காரை ஓட்டி வந்து நிறுத்தினார். போன முறைத் தண்ணி வந்து எட்டு நாளாச்சு, மணல் காய்ஞ்சு கிடந்துச்சு. காரை எடுக்கச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே அதிகாரி இறங்கி வந்து நயினார்கிட்ட கேட்டுட்டார், எதை எதிர்த்து வெளிநடப்பு பண்ணீங்கன்னு. நயினார் ஒண்ணும் புரியாம என்னைப் பார்த்தார். "வெளிநடப்பா? பொழுது சாய்ஞ்சிடுச்சுங்க, சாப்பிடப் போனோம்"ன்னார். அவர் வாயிலே பொய் வராது, நானும் அதை அவர்கிட்ட கேக்கலை.

அதிகாரி மெதுவா என் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், எல்லாத்தையும் ஒப்பிச்சேன். சித்திரையிலே ஸ்கூட்டர் ஓட்டினது, பாதைன்னு எழுதினது, மினிட்ஸைப் படிக்காம கையெழுத்துப் போட்டது, படிச்சப்புறமும் வாயை மூடிக்கினு இருந்தது. அவர் முகம் சிவந்துடுச்சு. சாப்பிடப் போனவங்களை விசாரிக்கவா சென்னையிலேர்ந்து வந்தேன்னு சொல்லிட்டு, விறுவிறுன்னு காரைப் பார்த்து நடந்தார். எனக்கு வேலை போச்சுன்னுகூடத் தோணலை. அஞ்சலை டோக்கனைக் கசக்கினதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

காருக்குப் பாதி சக்கரம் வரைக்கும் தண்ணி. டிரைவர் ஷூவைக் கையிலே பிடிச்சுக்கினு வரப்பு மேலே நின்னு கத்தறார். தண்ணிக்குப் பின்னாலேயே, மம்மட்டியாலே செத்தையை இழுத்துப் போட்டுக்கினு, அஞ்சலை நிதானமா நடந்து வந்துக்கினு இருக்காங்க. "நான் வர்றது தெரியாதாம்மா? ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதா?"ன்னு அதிகாரி கேட்டார். "இன்னிக்குக் கடைமடை முறை சார். எட்டு நாளைக்கு ஒரு தபாதான் வரும். நீங்க எப்போ வேணா வரலாம், தண்ணி வராது"ன்னு சொல்லிட்டு அஞ்சலை காரைச் சுத்திக்கினு நடையைக் கட்டினாங்க, தண்ணி கூடவே.

அதிகாரி அந்தத் தண்ணி போற பக்கமே பார்த்துக்கினு நின்னார். மேடு எங்கே வருதுன்னு கேட்டார். நாங்க நட்ட அடையாளக் கல்லைக் காட்டினேன். வாய்க்காலுக்கு நட்ட நடுவிலே நிக்குது, தண்ணி அதை ரெண்டு பக்கமும் சுத்திக்கினு ஓடுது. அப்புறம் பேன்ட்டை முழங்காலுக்கு மடிச்சுக்கினு இறங்கி, அந்தக் கல்லு மேலே கை வெச்சார். கரையிலே கார்த்திக், "பாதையில் திடீரென நீர் வந்ததால்"ன்னு எழுத ஆரம்பிச்சிருந்தார். சத்தமா சொல்லிக்கினே எழுதற பழக்கம் அவருக்கு. அதிகாரி தண்ணிக்குள்ளே நின்னபடியே திரும்பினார். "தப்பா எழுதாதப்பா. பாதையில தண்ணி வரலை, வாய்க்காலுக்குள்ள என் கார் வந்திருக்கு."

ஆள் உயரம்

தை முடியறதுக்குள்ளே புது வரைபடம் வந்துடுச்சு. மேட்டுக்கு அடியிலே தண்ணி போக ஒரு பெரிய குழாய்! கல்யாணப் பத்திரிகை கொண்டு போற மாதிரி அதை எடுத்துக்கினு அஞ்சலை வீட்டுக்கு ஓடினேன். அவங்க காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, இதுக்குள்ளே நான் எப்படிப் போறதுன்னு கேட்டாங்க. நீங்க ஏன் போகணும், தண்ணிதானே போகணும்னேன். சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க: வைக்கோல் அடைக்கும், நண்டு வளை போடும், மட்டை வந்து குறுக்கே நிக்கும், ஆள் கூடவே நடந்து எடுத்து விட்டாத்தான் தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேரும். குழாய்க்கு நடுவிலே அடைச்சா என்ன பண்றது? அவங்க கடைசியா சொன்னதை, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே கடிதத்திலே போட்டு அனுப்பினேன்: "தண்ணி தனியா போவாதுமா. கூட நான் போவணும்."

பத்து நாள்லே பதில் வந்துச்சு. குழாய்க்குப் பதிலா பெட்டி மாதிரி பாலம் கட்டலாம், தேவையான உயரத்தை உடனே அனுப்பவும். படிவத்திலே அதுக்குக் கட்டமும் கிடையாது, வாய்ப்பாடும் கிடையாது. வேற வழியில்லாம ஒரு டேப்பை எடுத்துக்கினு போய், அஞ்சலையையே வாய்க்காலுக்குள்ளே நிக்க வெச்சேன். போட்டோவுக்கு நிக்கிற மாதிரி விறைப்பா நின்னாங்க, தோள்லே மம்மட்டி. கீழ் நுனியை நயினார் குனிஞ்சு பிடிச்சுக்கினார், மேலே கார்த்திக் அளவு படிச்சார். நான் எழுதப் போறப்போ அஞ்சலை என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. அவங்க சொன்னதைக் கேட்டுட்டு, ஒரு ஜாண் கூட்டித்தான் எழுதி அனுப்பினேன். இப்போ ஒப்புதலாகி வந்த வரைபடத்திலே பாலம் அந்த உயரத்துலதான் இருக்குது. "கொஞ்சம் கூடவே போட்டுக்கோமா. எனக்கு அப்புறம் மருமவதான் தண்ணி கட்டப்போறா, அவ என்னைவிட உயரம்."

ஆக, என் சக பாவிகளே, இத்தனை நாள் இந்த வேலையிலே நான் பண்ணினதுலேயே உருப்படியான காரியம், தப்பா எழுதின மினிட்ஸ்லே படிக்காம கையெழுத்துப் போட்டது ஒண்ணுதான்.